ஹாலில் நடமாட்டம்

ஆதிலட்சுமி வேலைக்குப் போகக்கூடாது என்பதற்கு அவள் புருஷன் தினகரன் பதினாலு வருஷமாக ஒரே காரணத்தைத்தான் சொல்லிவந்தான். "வூட்டைப் பூட்டிக்கினு நீயும் கெளம்பிட்டா வூட்டுக்கு யாருடி காவலு?" மாமனார், மாமியார் இருந்தபோதும் இதையே சொன்னான், அப்போது வீட்டுக்கு மூன்று பேர் காவல். அவர்கள் போய்ச்சேர்ந்த பிறகும் சொன்னான். மகள் கீர்த்தி காஞ்சிபுரத்தில் ஹாஸ்டலில் சேர்ந்த பிறகும் சொன்னான். அவன் இருப்பதோ மஸ்கட்டில், ஏசி கம்பெனி ஒன்றில் ஃபோர்மேன். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் லீவில் வருவான். மற்ற நாளெல்லாம் உத்திரமேரூர் ஏரிக்கரைக்குக் கீழே இருக்கிற அந்தப் பழைய வீட்டுக்குள் அவள் ஒருத்திதான். பி.எஸ்சி. பிசிக்ஸ் படித்தவள். சர்டிபிகேட் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் கிடக்கிறது. புடவையாவது வருஷத்துக்கு இரண்டு தரம் வெளியே வரும்.

போன தை மாதம் மூன்று வீடு தள்ளி, பட்டப்பகலில் பூட்டை உடைத்து பீரோவைத் துடைத்துக்கொண்டு போய்விட்டார்கள். சேதி மஸ்கட்டுக்குப் போக அரைமணி நேரம்கூட ஆகவில்லை.

"ஆதி, நம்ம வூட்டை ஸ்மார்ட் ஹோம் பண்ணிடலாம். எங்க கேம்ப்ல ஒருத்தன் போட்டுகீறான். இங்க குந்திக்கினு அங்க லைட்டை அணைக்கறான். கதவு தொறந்தா இவனுக்கு மெசேஜ் வருது. நீயே ஆளைப் பேசி, எது நல்லதுன்னு பார்த்து வாங்கு. உனக்குதான் அதெல்லாம் புரியுமே."

"போட்டுட்டா வூட்டுக்குக் காவலா ஆளு வேணாமாங்க?"

"ஆளு இன்னாத்துக்கு? வூடே வூட்டைப் பார்த்துக்கும்."

அந்த வார்த்தையை அவள் முந்தானையில் முடிந்துகொண்டாள். வீடே வீட்டைப் பார்த்துக்கொள்ளும் என்றால் அவள் எதற்கு? பதினாலு வருஷக் காரணம் ஒன்று தானாகவே கழன்று விழப்போகிறது. பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று நினைத்தாள், பாவம்.

வேலைக்கு வந்தவன் ஆல்பர்ட். மாகறல் ஊர்க்காரன், பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் சின்னதாக எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறான். ஏணியைச் சுவரில் சாய்த்துவிட்டு வாசற்படிக்கு வெளியிலேயே நின்றான். அவன் அம்மா இந்தத் தெருக்காரர்களின் கழனியில் நடவு நட்டவள். எந்த வாசலில் எதுவரைக்கும் வரலாம் என்று அவனுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

"உள்ள வா தம்பி. வாசல்ல நின்னுக்கினு எப்படி ஒயரு இழுப்பே?"

தெருவை ஒருதரம் திரும்பிப் பார்த்துவிட்டு, செருப்பைக் கழற்றிவிட்டு வந்தான். ஹாலில் சுவிட்ச் போர்டைக் கழற்றியதும் உதட்டைப் பிதுக்கினான்.

"பேஜாருக்கா. போர்டுல நியூட்ரல் இல்ல. சொவத்தை வெட்டணும்."

சாதாரண சுவிட்ச் விளக்கை அணைத்தால் தானும் தூங்கிவிடும். இந்தப் புது சுவிட்ச், விளக்கு அணைந்தாலும் போனில் இருந்து எப்போது கூப்பிடுவார்களோ என்று விழித்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குத் தனியாக ஒரு ஒயர் வேண்டும். பழைய வீட்டு வயரிங்கில் அது ஏது?

"வெட்டாத தம்பி. நியூட்ரல் இல்லாம ஓடற சுவிட்சு வருதே, லைட்டுகிட்ட ஒரு கெபாசிட்டர் குடுத்து? அதை வாங்கிடு."

ஆல்பர்ட் திரும்பி அவளை மேலும் கீழும் பார்த்தான். "அக்கா, நீங்க இன்னா படிச்சீங்க?"

அன்றைக்கு ஆரம்பித்தது. மூன்று நாள், அவள் சோறு சமைத்தாளோ இல்லையோ, சாமான் தேடினாள். ஒவ்வொரு சென்சாரையும் வைஃபையில் போட்டால் பேட்டரியைக் குடித்துத் தீர்க்கும் என்று கணக்குப் போட்டு, கொஞ்சம் கரண்டிலேயே பேசுகிற ஜிக்பீ சென்சார்தான் வேண்டும் என்றாள்; ஒரு பேட்டரி இரண்டு வருஷம் வரும். எல்லா சென்சாரும் போய்ப் பேசுகிற அந்த வெள்ளை டப்பாவை எங்கே வைப்பது என்று, போனைக் கையில் ஏந்திக்கொண்டு ஒன்றரை அடிச் சுவர்களுக்கு நடுவே அறை அறையாக நடந்து பார்த்து, சரியாக நடுவீட்டில் வைத்தாள். கரண்ட் போனால் வீடு குருடாகிவிடக் கூடாதே என்று டப்பாவையும் ரௌட்டரையும் இன்வெர்ட்டரில் சேர்த்தாள். வாசற்கதவுக்கு விரல் வைத்தால் திறக்கிற பூட்டு, அதற்கு மேலே கேமரா. ஹாலுக்குள்ளும் ஒரு கேமரா போடச் சொன்னான் தினகரன். அதை மட்டும் அவள் ஒப்புக்கொள்ளவில்லை.

"குளிச்சிட்டு வருவேன், புடவை மாத்துவேன். வூட்டுக்குள்ள கேமராவா? வேணாங்க. ஆளு நடந்தா சொல்ற சென்சாரு போடறேன். படம் புடிக்காது, 'ஹாலில் நடமாட்டம்'னு மெசேஜ் மட்டும் வரும்."

அதற்கு அவன் சரி என்றான். அவளுக்கு அது பெரிய வெற்றியாகத் தெரிந்தது.

மூன்றாம் நாள் டீ குடித்துக்கொண்டே ஆல்பர்ட் தயங்கித் தயங்கிக் கேட்டான். "அக்கா, தப்பா நெனைக்காதீங்க. பகல்ல எந்த வூட்டுக்குப் போனாலும் பொம்பளைங்கதான் கீறாங்க. ஆம்பள, அதுலயும் எங்க பக்கத்து ஆளுன்னா, வாசலோட நிறுத்திடறாங்க. என் வூட்டுக்காரி சோபியா கூட வந்தா உள்ள வுடுவாங்க. இப்ப அவளுக்கு ஏழாம் மாசம், ஏணி புடிக்க முடியல. நீங்க வரீங்களா? பத்துலேர்ந்து நாலு மணி வரைக்கும். நீங்க இருந்தா ரெண்டு நாள் வேலை ஒரு நாள்ல முடியுங்க்கா."

நீ இருந்தால் வேலை முடியும் என்று ஒருத்தர் வாயால் ஆதிலட்சுமி கேட்பது, கல்லூரியை விட்ட பிறகு இதுதான் முதல் தடவை. சந்தோஷத்தில் அவனுக்கு இன்னொரு டம்ளர் டீ ஊற்றினாள்.

"வூட்டுக்காரரைக் கேட்டுட்டு சொல்றேன். ஒத்துப்பாரு. இனிமேதான் வூட்டுக்குக் காவல் வேணாமே."

கடைசி வேலை, எல்லாவற்றையும் ஆப்பில் சேர்ப்பது. "ஓனரு யாரு நம்பர்ல போடறதுக்கா? ஓடிபி வரும்," என்று கேட்டான் ஆல்பர்ட்.

அவள் தினகரன் நம்பரைச் சொன்னாள். யோசிக்கவே இல்லை, அதுதான் கொடுமை. கேஸ் அவன் நம்பரில், கரண்ட் பில் அவன் நம்பரில், ரேஷன் கார்டு அவன் நம்பரில், கீர்த்தி ஸ்கூலில் இருந்து வருகிற மெசேஜ்கூட அவன் நம்பருக்குத்தான். இந்தத் தெருவில் எந்தப் பொம்பளையைத் தூக்கத்தில் எழுப்பி நம்பர் கேட்டாலும் புருஷன் நம்பரைத்தான் ஒப்பிப்பாள். மஸ்கட்டில் இருந்து ஓடிபி ஒரு நிமிஷத்தில் வந்தது. அவன் ஓனர் ஆனான். அவளை 'மெம்பர்' என்று சேர்த்தார்கள். மெம்பர் பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது, எடுக்க முடியாது.

அன்று சாயங்காலம் தினகரன் கேட்டான். "எல்லாம் முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது. தோட்டத்துக் கதவுதான் பாக்கி. ஏரிக்கரையில இருந்து எறங்கறவன் அந்த வழியாதான வருவான்? அதுக்கும் ஒண்ணு போட்டாதான் வேலை சுத்தம்."

நுணலும் தன் வாயால் கெடும் என்பது இதுதான். அவனுக்கு அந்தக் கதவு ஞாபகமே இல்லை. வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று இவளுக்குத்தான் நமைச்சல். "அட ஆமாடி! போட்டுடு," என்றான். அடுத்த நாள் அதையும் அவளே மாட்டினாள். இரண்டு துண்டு, நிலையில் சென்சார், கதவில் ஒரு காந்தம். கதவு திறந்து காந்தம் விலகினால் மஸ்கட்டில் மணி அடிக்கும். ஜன்னலுக்கு என்று வாங்கின ஒரு செட் மிச்சமாயிற்று. அதை பீரோவில், சர்டிபிகேட்டின் மேல் போட்டு வைத்தாள்.

முதல் வாரத்திலேயே பல்லி வந்து சேர்ந்தது.

ஹால் சென்சாரை சாமி படத்துக்கு மேலே ஒட்டியிருந்தார்கள். அங்கே ராப்பகலாக எரிகிற ஜீரோ வாட்ஸ் பல்பு, பல்புக்குப் பூச்சி, பூச்சிக்குப் பல்லி. அது பூச்சியைப் பிடிக்கப் போகிறபோதெல்லாம் சென்சாரின் மூஞ்சியில் ஏறி நடக்கும். அவள் ரேஷன் கடை வரிசையில் நிற்கிறாள், போன் வருகிறது.

"நீ எங்க கீறே?"

"ரேஷன்ல."

"அப்ப நம்ம ஹால்ல நடக்கறது யாருடி?"

அடித்துப்பிடித்து ஓடிவந்து பார்த்தால் பல்லி. சொன்னாள். அவன் நம்பவில்லை. "பல்லி நடந்து மஸ்கட்டுக்கு மெசேஜ் வருதா? யாருகிட்ட கதை வுடறே?" காஞ்சிபுரம் கோயில் பல்லியைத் தொட்டுக் கும்பிடுகிற சீமையில், அதுவும் சாமி படத்துப் பல்லியை அடித்து விரட்ட முடியுமா? ஆல்பர்ட்டைக் கூப்பிட்டு, சென்சாரை எதிர்ச் சுவருக்கு மாற்ற வைத்தாள். அதன் பிறகு அவள் நடந்தால் மட்டும்தான் மெசேஜ் போயிற்று.

"பாத்தியா, இப்ப வரல," என்றான் தினகரன், ஏதோ பெரிய மனசு பண்ணி மன்னிக்கிறவன் மாதிரி. "இனிமே யாரையும் வுடாம பார்த்துக்க."

அவளுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பதினாலு வருஷம் அவன் வீட்டுக்குக் காவல் கிடந்ததற்கு இந்தப் பேச்சா! ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைதான் வேலையைப் பற்றிக் கேட்பதாக இருந்தாள். சண்டை போட்டால் கேட்க முடியாதே என்று அவமானத்தை விழுங்கிக்கொண்டாள்.

கேட்டாள். மூச்சுவிடாமல் எல்லாவற்றையும் சொன்னாள். பத்திலிருந்து நாலு, உள்ளூரிலேயே, ஆல்பர்ட் நல்ல பையன், அவன் பெண்டாட்டி சோபியா கடையிலேயே இருக்கிறாள். "வூட்டைத்தான் நீங்களே அங்கேர்ந்து பார்த்துக்கறீங்களே. காவலுக்கு ஆளு வேணாம்னு நீங்கதான சொன்னீங்க?"

அந்தப் பக்கம் தினகரன் சிரித்தான்.

"வூடு எங்கடி ஓடிடப் போவுது? நீ உள்ள கீறேன்னு தெரிஞ்சாதான் எனக்கு இங்க வேலை ஓடும். அதுக்குதான இதெல்லாம் போட்டது."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள். கொஞ்சுகிற குரலில் சொன்னான். போனை வைத்துவிட்டு ஹாலின் நடுவில் நின்றாள். காவல் ஒருநாளும் வீட்டுக்கு இல்லை. அவளுக்குத்தான். ஊருக்கெல்லாம் குறி சொல்லுமாம் பல்லி, கழுநீர்ப் பானையில் விழுமாம் துள்ளி. எந்த டப்பா நல்லது, எந்த சென்சார் ஏமாற்றாது, கரண்ட் போனாலும் எது வேலை செய்யும் என்று தேடித் தேடிப் பொறுக்கி, ஒரு ஓட்டை விடாமல், தோட்டத்துக் கதவு வரைக்கும் தன் கையாலேயே அடைத்திருக்கிறாள். சொந்தச் செலவில் சூனியம் என்று கேள்விப்பட்டிருக்கிறாள். அதை ஸ்க்ரூ டிரைவர் வைத்து மாட்டியவள் அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். நெடுநேரம் அழுதாள்.

அப்புறம் வந்த நாட்களை என்னவென்று சொல்ல? காலையில் கோலம் போடக் கதவைத் திறந்தால் போன். "இன்னா, இவ்ளோ சீக்கிரம்?" பால்காரர் வந்தால் போன். "யாரு அது?" கீரைக்காரம்மாவிடம் இரண்டு வார்த்தை அதிகம் பேசினால் போன். "கதவு ரொம்ப நேரமா தொறந்து கீதே?" எப்போதும் ஒரே குரல், எப்போதும், "சொம்மாதான் கேட்டேன்." கதவில் பூட்டே இல்லை என்றுகூடச் சொல்லலாம், உள்ளேயிருந்து கைப்பிடியைத் திருகினால் திறக்கும். யார் கட்டிப்போட்டார்கள் அவளை? யாருமில்லை. ஆனாலும் இரண்டு வாரத்தில் அவள் கைப்பிடியைத் தொடுவதையே விட்டுவிட்டாள். துணியை உள்ளேயே கொடி கட்டி உலர்த்தினாள். துணி ஒரு ஈர நாற்றம் நாறியது, அவளும்தான். மதியம் தரையில் படுத்தால்கூட, ரொம்ப நேரம் அசையாமல் இருந்தால் ஏன் நடமாட்டமே இல்லை என்று கேட்பானோ என்று பயந்து, எழுந்து ஒருதரம் சென்சார் முன்னால் நடந்துவிட்டு வந்து படுப்பாள். மூச்சு முட்டியது. செத்தால்கூட முதலில் மஸ்கட்டுக்குத்தான் மெசேஜ் போகும் என்று ஒருநாள் நினைத்தாள், நினைத்துவிட்டு அவளே பயந்துபோனாள்.

ஆல்பர்ட் இரண்டு தடவை போன் பண்ணினான். மூன்றாவது தடவை சோபியா பேசினாள். "அக்கா, எனக்கு எட்டாம் மாசம் பொறந்துடுச்சி. வரலன்னா வரலன்னு சொல்லிடுங்க, வேற ஆளைப் பார்க்கறோம். திங்கக்கெழமை ஒரு வூட்ல பெரிய வேலை வந்துகீது."

"திங்கக்கெழமை சொல்றேன்," என்றாள் ஆதிலட்சுமி. என்ன சொல்லப்போகிறாள் என்று அவளுக்கே தெரியாது.

அன்று மத்தியானம் தரையில் மல்லாந்து கிடந்தபோது பல்லியைப் பார்த்தாள். அதே பல்லி. சாமி படத்துக்குப் பின்னாலிருந்து வந்து, பல்புக்குக் கீழே ஒரு நடை, திரும்ப ஒரு நடை. எத்தனை சுறுசுறுப்பு! மத்தியானத்தில் அந்த வீட்டில் அசைகிற ஜீவன் அது ஒன்றுதான். பார்த்துக்கொண்டே இருந்தவள் எழுந்து உட்கார்ந்தாள்.

பல்லி என்று ஒன்று இல்லவே இல்லை என்று தினகரன் முடிவுகட்டியவன் ஆயிற்றே.

ஸ்டூல் போட்டு ஏறி, எதிர்ச் சுவரில் இருந்த சென்சாரை நெம்பி எடுத்து, பழைய இடத்திலேயே, சாமி படத்துக்கு மேலே ஒட்டினாள். இறங்கி, தான் அசைவது அதன் கண்ணில் படக்கூடாது என்று சமையலறைக்குள் போய் நின்று, போனைப் பார்த்துக் காத்திருந்தாள். கால்மணி நேரத்தில் போன் சொன்னது: ஹாலில் நடமாட்டம்.

பிறகு பீரோவைத் திறந்து, மிச்சமிருந்த செட்டில் இருந்த காந்தத்தை எடுத்தாள். தோட்டத்துக் கதவு நிலையில் சென்சாருக்கு ஒட்டினாற்போல அதை டேப் போட்டு ஒட்டினாள். சென்சாருக்குக் காந்தம் பக்கத்தில் இருந்தால் போதும். அது கதவோடு வந்த காந்தமா, பீரோவில் இருந்து வந்த காந்தமா என்று கேட்காது. பிசிக்ஸ் படித்ததற்கு இதுவாவது ஆயிற்றே. கதவைத் திறந்தாள். போன் பேசவில்லை. ஏரிக் காற்று முகத்தில் அடித்தது. அங்கேயே நின்று, கண்ணில் தண்ணீர் வர, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்குத் தோட்டத்துக் கதவு வழியாக இறங்கி, பின்னால் ஓடுகிற வாய்க்காலைத் தாண்டி, கரை மேல் ஏறி நடந்தாள். விடுதலை என்று பெரிய வார்த்தை எல்லாம் வேண்டாம். திருடன் வருவான் என்று அவள் சொன்ன அதே வழியில், திருடி மாதிரி, முந்தானையைத் தலையில் போட்டுக்கொண்டு போனாள். தெருவில் யாராவது ஒருத்தர் என்றைக்காவது மஸ்கட்டுக்குச் சொல்லத்தான் போகிறார்கள். அதுவும் அவளுக்குத் தெரியும். நாலு மணிக்குள் திரும்பிவிட வேண்டும். நாலரை அவன் வழக்கமாகக் கூப்பிடுகிற நேரம்.

வேலை நடந்த வீடு அம்முலு என்கிற பெண்ணுடையது. ஆதிலட்சுமியைவிடப் பத்து வயசு சின்னவள். புருஷன் துபாய். ஆதிலட்சுமி முன்னால் போகவும் வாசற்கதவு முழுசாகத் திறந்தது. பின்னால் ஏணியோடு வந்த ஆல்பர்ட்டையும் யாரும் நிறுத்தவில்லை. மத்தியானத்துக்குள் சுவிட்சு, பூட்டு, டப்பா எல்லாம் உட்கார்ந்துவிட்டது. ஆப்பில் ஏற்ற வேண்டியதுதான் பாக்கி.

"ஓனரு நம்பர் சொல்லுங்கம்மா, ஓடிபி வரும்," என்றான் ஆல்பர்ட்.

அம்முலு மடமடவென்று துபாய் நம்பரை ஒப்பிக்க ஆரம்பித்தாள்.

"இரும்மா," என்றாள் ஆதிலட்சுமி. "உன் நம்பர் சொல்லு."

"எனக்கு எதுக்குக்கா? அவரு பேர்லதான் எல்லாம்."

ஆதிலட்சுமி வாயைத் திறப்பதற்குள் அவள் போன் அடித்தது. தினகரன். வழக்கமாகக் கூப்பிடுகிற நேரம் இல்லை. காந்தம் விழுந்துவிட்டதா, யாராவது சொல்லிவிட்டார்களா? ஆல்பர்ட் டிரில் மெஷினைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.

"சொல்லுங்க."

"இன்னாடி, காலைலேர்ந்து ஹால்லயே உலாத்திக்கினு கீறே? பத்து மெசேஜ் வந்துடுச்சி."

"வேலை கீதுங்க. ஒட்டடை அடிக்கறேன்."

"அதான பார்த்தேன். நீ வூட்ல நடந்துக்கினு கீறதைப் பார்த்தா எனக்கு ஒரு நிம்மதிடி. சரி, சாப்பிட்டியா?"

"சாப்பிட்டேன். வூட்லதான கீறேன், வெச்சிடவா?"

போனை வைத்தாள். பதினாலு வருஷம் குடும்பம் நடத்தினவனுக்குப் பெண்டாட்டி நடப்பதற்கும் பல்லி நடப்பதற்கும் வித்தியாசம் தெரியவில்லை. தப்பித்தோம் என்று சந்தோஷப்பட வேண்டிய நேரத்தில், அது போய் நெஞ்சில் குத்தியது.

அம்முலு அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். தன் வீட்டு ஹாலில் நின்றுகொண்டு, வீட்டில்தான் இருக்கிறேன் என்று சொன்ன பெண்பிள்ளையை ஒருதரம் பார்த்தாள். வாசற்கதவில் புதிதாக மாட்டிய பூட்டை ஒருதரம் பார்த்தாள்.

"எழுதிக்குங்க," என்று ஆல்பர்ட்டிடம் சொல்லிவிட்டு, தன் நம்பர் சட்டென்று ஞாபகத்துக்கு வராமல், போனை எடுத்துப் பார்த்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தாள்.